நெல்லை வெக்கையில் ஆழ்வானப் படம் எடுக்க எந்தக் கூல்டு கேமரா வாங்கலாம்?

பாளையங்கோட்டை மொட்டை மாடி, 400 மி.மீ. ஃபோக்கல் லெங்த் உள்ள 80 மி.மீ. தொலைநோக்கி, பழைய டிஎஸ்எல்ஆர். இவற்றை வைத்து நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படம் எடுத்து வருகிறீர்கள். இப்போது கூல்டு கேமராவுக்கு, அதாவது சென்சாரைக் குளிர்விக்கிற கேமராவுக்கு, பணம் சேர்ந்திருக்கிறது. இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐ 533 எம்சி ப்ரோவா, 2600 எம்சி ப்ரோவா, குறைந்த விலைக்குக் கிடைக்கிற 294 எம்சி ப்ரோவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது அம்பாசமுத்திரத்தில். 533 வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் படிக்கக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிருக்கு எழுதியது. நம் ஊருக்குக் கணக்கே வேறு.

முதலில் நமக்கு வானம் திறக்கிற காலத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்விடும். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து மேகமும் காற்றும் விடாது. தொலைநோக்கிக் குழாயே ஆடும். நிம்மதியாகப் படம் எடுக்க மிஞ்சுவது தை முதல் சித்திரை வரைதான். அதிலும் நமக்கென்று ஒரு சொத்து இருக்கிறது, தெற்கு வானம். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 8.7 டிகிரியில். கரினா நெபுலா உச்சிக்கு வரும்போது தொடுவானத்துக்கு மேல் 21 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 34 டிகிரி ஏறும். ஐரோப்பாவில் பெரும்பாலானோர் கரினாவை வீட்டு மாடியிலிருந்து பார்க்கவே முடியாது. அந்தக் கரினா நமக்கு நேர் தெற்கே வருவது சித்திரை பிறக்கிற வாரத்தில், இரவு ஒன்பதரை மணி வாக்கில். அதாவது வருஷத்திலேயே சூடான இரவுகளில். பத்து மணிக்குக்கூட மாடித் தளம் வெறுங்காலில் சுடும். காற்று 29, 30 டிகிரியில் நிற்கும்.

அதனால் கேமராவை நான் எடைபோடுவது அந்தச் சித்திரை இரவை வைத்துத்தான். மார்கழியில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

நீங்கள் கேட்ட மூன்று கேமராக்களுமே ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் குளிர்விக்கும்: சுற்றுப்புற வெப்பத்திலிருந்து 35 டிகிரி வரை கீழே இறக்கும். பலர் இதைப் படித்துவிட்டு மைனஸ் 20-க்கு ஆசைப்படுகிறார்கள். 30 டிகிரி இரவில் கூலரை முழு மூச்சாக ஓடவிட்டாலும் மைனஸ் 5-தான் கிடைக்கும். அந்த நிலையில் பிடிமானம் இருக்காது. காற்று கொஞ்சம் சூடானாலும் சென்சார் வெப்பமும் கூடவே ஏறும். நான் வருஷம் முழுக்க 0 டிகிரியில் வைக்கிறேன். கூலருக்கு மூச்சு விட இடம் இருக்கிறது, எண்ணும் அசையாது.

0 போதுமா என்று கேட்பீர்கள். போதும். சென்சாரின் வெப்பத்தால் தானாகப் பிறக்கிற எலக்ட்ரான்கள், அதாவது டார்க் கரண்ட், 6, 7 டிகிரிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். 30-லிருந்து 0-க்கு இறக்கினால் 25 மடங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இன்னும் 10 டிகிரி இறக்கினால் மூன்று மடங்கு குறையும், உண்மைதான். ஆனால் 533, 2600 இரண்டிலும் உள்ள சோனி சென்சார்களில் 0 டிகிரியிலேயே அது மிகச் சொற்பம். பாளையங்கோட்டைத் தெருவிளக்குகளால் வானம் வெளுத்திருக்கிற வெளுப்பில் பிறக்கிற இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த மைனஸ் 10-க்காகக் கூலரைத் திணறவிட்டு ஒரு லாபமும் இல்லை.

குளிர்விப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி வேறு. உங்கள் டிஎஸ்எல்ஆர் கேனானாக இருந்தால் படத்தோடு பதிவாகிற தகவலில் சென்சார் வெப்பம் இருக்கும், ஒரு இரவு எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் முதல் படத்தில் 31, ஒரு மணி நேரம் கழித்து 39. எட்டு டிகிரி ஏறினால் டார்க் கரண்ட் இரட்டிப்புக்கும் மேல். இந்த வெப்ப இரைச்சலைக் கழிப்பதற்காக விடியற்காலையில் மூடி போட்டு எடுக்கிற டார்க் படம் இந்த இரண்டில் எதற்கும் பொருந்தாது. கழித்த பிறகும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மிஞ்சும், நெபுலாவின் மங்கலான ஓரத்தில் அவைதான் முன்னால் வந்து நிற்கும். கூல்டு கேமராவில் வெப்பத்தை ஓர் எண்ணில் பூட்டிவிடலாம். தையில் எடுத்த படத்துக்கும் சித்திரையில் எடுத்த படத்துக்கும் ஒரே டார்க் தொகுப்பு பொருந்தும். வெக்கை ஊர்க்காரனுக்கு இது பெரிய நிம்மதி.

சரி, கேமராக்களுக்கு வருகிறேன். 294 வேண்டாம். விலை இழுக்கும், பிக்சலும் 4.63 மைக்ரான், பெரியதுதான். ஆனால் ஒரு ஓரத்தில் ஆம்ப் க்ளோ என்கிற வெளிச்சக் கசிவு இருக்கும். டார்க் கச்சிதமாகப் பொருந்தினால் அது போய்விடும், ஆனால் வெளிச்ச ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய எடுக்கிற ஃப்ளாட் படங்களில் இந்தச் சென்சார் படுத்துகிற பாடு தனி. 533-இலும் 2600-இலும் ஆம்ப் க்ளோ கிடையாது.

இந்த இரண்டுக்கும் பிக்சல் ஒன்றேதான், 3.76 மைக்ரான். உங்கள் 400 மி.மீ.-க்கு ஒரு பிக்சலில் 1.94 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) வரும். மாடியிலிருந்து எடுக்கிற நமக்கு அது சரியான அளவு. ஒளியை எத்தனை படிகளாகப் பிரித்துப் பதிகிறது என்கிற 14 பிட், 16 பிட் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நூற்றுக்கணக்கில் படங்களை அடுக்கிச் சேர்த்த பிறகு உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. வித்தியாசம் சென்சார் பரப்பில். 533 சதுரம், பக்கத்துக்கு 11.3 மி.மீ. உங்கள் தொலைநோக்கியில் 1.6 டிகிரி வானம் விழும். ஓரியன் நெபுலா, ரோசெட், ஒமேகா சென்டாரி எல்லாம் இடம் விட்டு உட்காரும், கரினாவில் நடுப்பகுதி முழுக்க வரும். ஆண்ட்ரோமீடா அடங்காது. 2600-இல் 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி, ஆண்ட்ரோமீடாவும் உள்ளே வந்துவிடும்.

பிறகு ஏன் 533? சென்சாரின் மூலைக்கு மூலை 16 மி.மீ.தான். சாதாரண ஃப்ளாட்டனரே (ஓரத்து நட்சத்திரங்களையும் கூர்மையாக்குகிற லென்ஸ்) அந்த வட்டத்தை ஒழுங்காக நிரப்பும். 2600-க்கு அது 28 மி.மீ. ஃப்ளாட்டனரிலிருந்து சென்சாருக்கு 55 மி.மீ. தூரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், கேமரா லேசாகச் சாய்ந்திருந்தாலும், மூலையில் நட்சத்திரங்கள் வால் முளைத்து நிற்கும். அதைச் சரிசெய்யவே பல நல்ல இரவுகள் போகும். நமக்கு நல்ல இரவுகளே எண்ணிக்கையில்தான். தவிர 2600-இன் ஒரு படம் 52 எம்பி, 533-இல் 18 எம்பி. உங்கள் லேப்டாப்பையும் நினைத்துப் பாருங்கள். விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மிச்சப் பணத்துக்கு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மோனோ, அதாவது கறுப்பு வெள்ளை, கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் தரம் உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வடிகட்டியிலும் தனித்தனியாகப் படம் சேர வேண்டும். பங்குனியில் பாதி இரவில் மேகம் திரண்டுவிட்டால் கையில் சிவப்பு மட்டும் இருக்கும், மற்றது இருக்காது. கலர் கேமராவில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அது ஒரு மணி நேரத்து முழுப் படம். ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்சிஜன் இரண்டை மட்டும் விடுகிற டூயல்பேண்ட் வடிகட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்இடி தெருவிளக்கு சூழ்ந்த பாளையங்கோட்டையிலிருந்து கரினாவும் ரோசெட்டும் அதில் துலங்கும். கேலக்ஸிக்கும் ஒமேகா சென்டாரிக்கும் அதைக் கழற்றிவிட வேண்டும், அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. அவற்றுக்குக் களக்காடு, மணிமுத்தாறு பக்கம் வாருங்கள். மேற்கே மலைக்காடு, விளக்கே கிடையாது.

மிச்சப் பணத்தில் முதல் செலவு மின்சாரத்துக்கு. கூலருக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை வேண்டும். நான் கடையில் கிடைத்த ஒரு மலிவு அடாப்டரை வாங்கி, கீழ்வீட்டு பிளக்கிலிருந்து மெல்லிய வயரை மாடிக்கு இழுத்துவிட்டேன். சித்திரை மாதம், அந்த நாளில் மைனஸ் 10 ஆசையும் எனக்கு இருந்தது. திரையில் கூலர் 70, 85, 100 சதவீதம் என்று ஏறியது. சென்சார் மைனஸ் 3-இல் தயங்கி நின்றது. திடீரென்று கேமரா கணினியிலிருந்து விட்டுப்போனது. மறுபடி இணைத்தேன், பத்து நிமிஷத்தில் மறுபடி போனது. நான் பழுது கேமராவில் என்று நினைத்து அன்று இரவு முழுக்க யூஎஸ்பி கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், கூலர் ஓடும்போது கேமரா முனையில் 10.9 வோல்ட். கரினாவுக்கு நிலா இல்லாத அந்த வருஷத்து வாரம் அப்படிப் போயிற்று. நல்ல 12 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளை, தடித்த வயர், குட்டையான வயர். வெளியூர் போனால் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி.

அடுத்தது ஈரம். எங்கள் வீட்டைச் சுற்றி வயல். தை மாதம் பதினொரு மணிக்கு மேல் தாமிரபரணிப் பக்கமிருந்து பனி இறங்கும், குழாயில் தண்ணீர் சொட்டும். சென்சார் அறைக்குள் இருக்கிற ஈர உறிஞ்சி தீர்ந்துவிட்டால் குளிர்ந்த சென்சார் மேல் பனி பூக்கும். எனக்கு ஒரு முறை எல்லாப் படத்திலும் நடுவில், கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல் வட்டம், ஓரத்தில் இறகு மாதிரிக் கோடுகள். உறிஞ்சி மாத்திரைகளை மாற்றிய பிறகுதான் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஒரேயடியாகக் குளிர்விக்காமல் பத்து நிமிஷம் எடுத்து இறக்குங்கள். தொலைநோக்கி முகப்பில் பனி படியாமல் சூடாக்குகிற ஒரு டியூ ஹீட்டர் பட்டையும் வேண்டும்.

தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துத் திருப்புகிற மவுண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். துருவ நட்சத்திரம் நமக்கு 8.7 டிகிரி உயரத்தில்தான், பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ அதை மறைத்துவிடும். நினா மென்பொருளில் வானத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் மவுண்டின் அச்சைத் துருவத்தோடு ஒத்திசைக்கிற வசதி இருக்கிறது, இலவசம். சில மவுண்ட்களை இவ்வளவு தாழ்த்தினால் எடைக்கம்பி முக்காலிக் காலில் இடிக்கும், அதையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். மூன்று நிமிஷம் நட்சத்திரம் புள்ளியாக நிற்காத மவுண்டில் எந்தக் கேமராவை மாட்டியும் பயனில்லை.

கேமரா ஐப்பசிக்கு முன் கைக்கு வந்தால் வானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வெளியே மழை கொட்டுகிற ஒரு இரவில், விளக்கை அணைத்து, மூடியைப் போட்டு, 0 டிகிரியில், கெயின் (சிக்னலைப் பெருக்குகிற அளவு) 100 வைத்து, 60, 180, 300 விநாடியில் தலா 50 டார்க் படங்கள் எடுங்கள். ஏழரை மணி நேரம் விடாமல் கூலர் சதவீதம் நிலையாக நிற்கிறதா, இணைப்பு அறுபடுகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பழுது இருந்தால் வாரண்டிக்குள் அன்றைக்கே தெரிந்துவிடும். தையில் மேகம் விலகும்போது டார்க் தொகுப்பும் தயாராக இருக்கும்.