கேள்வி – பதில்: மீதரவில் பெயரும் பெயர்வெளியும்

கேள்வி: எங்கள் நூலகத்தில் நூல்களைப் பற்றிய விவரங்களை, அதாவது மீதரவை, டப்ளின் கோர் என்ற பொது முறையில் பதிகிறோம். எங்கள் கோப்புகளில் விவரப் புலங்களின் பெயருக்கு முன் 'டிசி' என்ற முன்னொட்டு இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவற்றில் 'டிசிடெர்ம்ஸ்'. இரண்டிலும் படைப்பாளியைக் குறிக்கும் 'கிரியேட்டர்' புலம் உண்டு. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு எல்லாவற்றையும் 'டிசி' ஆக்கிவிடலாமா?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். முன்னொட்டு அந்தக் கோப்புக்குள் மட்டும் வழங்கும் செல்லப்பெயர். எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தரவை எழுதும் வடிவம்) கோப்பின் தலைப்பகுதியில் அது எந்த இணைய முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அந்த முகவரிதான் பெயர்வெளி; அதுவும் புலத்தின் பெயரும் சேர்ந்ததுதான் முழுப்பெயர். முன்னொட்டை மட்டும் மாற்றி, அதற்கான அறிவிப்பு தலையில் இல்லாவிட்டால், மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும். அது பரவாயில்லை. 'டிசி' ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தால்தான் சிக்கல்: பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் பொருள் மாறிவிடும்.

ஏன் மாறுகிறது? 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த பட்டறையில் தொடங்கிய முயற்சி இது. பின்னர் 15 புலங்களாக நிலைபெற்ற பழைய 'டிசி' பெயர்வெளியில், 'கிரியேட்டர்' என்பதற்கு வெறும் எழுத்துத்தொடர் போதும். 'சுப்பிரமணிய பாரதி' என்று எழுதிவிடலாம். 2008இல் அதே 15 பெயர்களும் 'டெர்ம்ஸ்' (உங்கள் 'டிசிடெர்ம்ஸ்') பெயர்வெளியிலும் சேர்க்கப்பட்டபோது, மதிப்பாக எது வரலாம் என்று சிலவற்றுக்கு வரம்பு வைத்தார்கள். அங்கே 'கிரியேட்டர்' சுட்டுவது ஓர் ஆளை அல்லது அமைப்பை. அதற்குரிய அடையாள முகவரியைத் தருவதே பரிந்துரை. 'டைட்டில்' போன்றவை இரண்டிலும் எழுத்துத்தொடர்தான்.

புதியதிலிருந்து பழையதற்கு இறங்குவது முறைப்படி செல்லும். ஆனால் முகவரி இருந்த இடத்தில் பெயரை எடுத்துப் போட வேண்டும். 'கிரியேட்டட்', 'இஷ்யூட்', 'மாடிஃபைட்' மூன்றும் ஒரே 'டேட்' ஆகிவிடுவதால் எது எழுதிய நாள், எது வெளியிட்ட நாள் என்பது தொலைந்துபோகும். ஆகவே உள்ளே 'டெர்ம்ஸ்' வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஓஏஐ-பிஎம்ஹெச் (பிற தளங்கள் மீதரவைத் திரட்டிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக வெளியே கொடுக்கும்போது மட்டும் 15 புலங்களுக்குச் சுருக்குங்கள். அங்குள்ள அடிப்படை வடிவம் அந்தப் பதினைந்தைத்தான் ஏற்கும்.

கேள்வி: பெயர்வெளி முகவரியில் உள்ள ஹெச்டிடிபியை, பாதுகாப்புக்காக ஹெச்டிடிபிஎஸ் ஆக்கலாமா?

பதில்: கூடாது. அது பெயர், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். ஓர் 'எஸ்' கூடினாலும், கடைசிச் சாய்கோடு விட்டுப்போனாலும் வேறு பெயராகிவிடும். மீதரவை அறுவடை செய்யும் (திரட்டும்) தளத்தில் புலங்கள் காலியாகத் தெரியும். தேடுபொறிகள் பயன்படுத்தும் சொற்றொகுதியான ஸ்கீமா டாட் ஆர்க் இரண்டு வடிவத்தையும் ஏற்பது விதிவிலக்கு.

கேள்வி: ஓலைச்சுவடிகளுக்குச் சொந்தப் புலங்கள் தேவை. எப்படிப் பெயரிடுவது?

பதில்: முதலில், உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். ஏடுகளின் எண்ணிக்கையை 'எக்ஸ்டென்ட்' தாங்கும். பனையோலை என்பதை 'மீடியம்' தாங்கும். கட்டுக்கயிற்றின் துளைகள், சிதைவின் அளவு போன்றவைதான் மிஞ்சும். அவற்றை டப்ளின் கோரின் பெயர்வெளிக்குள் திணிக்காமல், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள டொமைனில் சொந்தப் பெயர்வெளி அமையுங்கள். முகவரி சாய்கோட்டிலோ ஹாஷ் குறியிலோ முடிய வேண்டும். பத்துப் பதினைந்து புலங்கள்தான் என்றால் ஹாஷ் வசதி: எல்லா விளக்கமும் ஒரே பக்கத்தில் இருக்கும். முகவரியில் திட்டத்தின் பெயரும் மென்பொருளின் பெயரும் வேண்டாம்; இரண்டுமே மாறக்கூடியவை.

பண்புகளின், அதாவது புலங்களின், பெயர் சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்கட்டும். ஒட்டிவரும் அடுத்த சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரியது. ஓலைச்சுவடி போன்ற பொருள் வகைகளின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். புலப்பெயரைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் தடுக்காது. ஆனால் 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டு பெயர். தமிழ்ப் பெயரை மொழிக்குறியுடன் 'லேபிள்' புலத்தில் கொடுங்கள்.

வெளியிட்ட பெயரின் பொருளை மாற்ற நேர்ந்தால், பழையதை அழிக்காமல் 'வழக்கொழிந்தது' என்று குறித்துவிட்டு, புதுப் பெயர் ஒன்றைச் சேர்த்து, அதற்கு அங்கிருந்து சுட்டி கொடுங்கள்.