வேதிப்பொருளை அளக்கும் சென்சாரில், மின்முனையின் மேல் பாலிமர் பூசினால் சிக்னல் குறையாதா? பிறகு ஏன் பூசுகிறார்கள்?

பல நேரம் குறையத்தான் செய்யும். ஆனாலும் பூசியே ஆக வேண்டும். வெற்று மின்முனைக்குப் பிரித்தறியத் தெரியாது. கொடுத்த வோல்ட்டில் எலக்ட்ரானை இழக்கக்கூடிய எது வந்து பட்டாலும் மின்னோட்டம் காட்டிவிடும்.

மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை அளப்பதையே பாருங்கள். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் 1970களில் எலி மூளைக்குள் மின்முனை வைத்து அளக்க முனைந்தபோது பெரும் தொல்லை கொடுத்தது வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். மூளைத் திரவத்தில் அது டோபமைனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்கிறது. இரண்டும் ஆக்சிஜனேற்றம் அடையும், அதாவது எலக்ட்ரானை இழக்கும் வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்றே.

இங்கேதான் நஃபியான் கைகொடுத்தது. டூபான்ட் நிறுவனத்தில் 1960களில் பிறந்த பாலிமர் இது. இதிலுள்ள சல்ஃபோனேட் குழுக்கள் எதிர்மின் சுமை கொண்டவை. உடலின் பிஎச் 7.4-இல் அஸ்கார்பிக் அமிலமும் அஸ்கார்பேட் என்ற எதிர்மின் சுமையுள்ள வடிவில் இருப்பதால் விலக்கித் தள்ளப்படும். நேர்மின் சுமையுள்ள டோபமைன் உள்ளே இழுக்கப்பட்டுப் படலத்திலேயே சேரும். அதனால் டோபமைன் சிக்னல் சில சமயம் கூடவும் செய்யும்! விலை வேறு இடத்தில்: நேரம். படலம் தடித்தால் டோபமைன் ஊடுருவ நேரமாகும், நொடிக்குள் நடக்கும் மாற்றம் மழுங்கிவிடும். மெலிந்தால் அஸ்கார்பேட் கசியும்.

சுமையை வைத்துப் பிரிப்பது எல்லா இடத்துக்கும் சரிவராது. குளுக்கோஸின் அளவை அறிய, அதிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கும்போது, காய்ச்சலுக்கு விழுங்கிய பாராசிட்டமாலும் சேர்ந்து சிக்னல் தரும். அதற்குச் சுமை கிடையாது, நஃபியானால் நிறுத்த முடியாது. அங்கே ஃபினைலின்டைஅமீன் என்ற சிறு மூலக்கூறை மின்முனையிலேயே பாலிமராக வளர்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. படலம் மின்சாரம் கடத்தாது, ஆகவே மூடிய இடத்தில் வளர்ச்சி தானாக நின்றுவிடும். திறந்த இடத்தில் மட்டும் தொடரும். ஓட்டைகள் தாமாகவே அடைபட்டு, சில பத்து நானோமீட்டருக்குள் சீரான படலம் கிடைக்கும். சின்ன பெராக்சைடு நுழைந்துவிடும், பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்.

நீங்களே பூசிப் பார்ப்பதாக இருந்தால், முதலில் அஸ்கார்பிக் அமிலத்தை மட்டும் விட்டு, பூச்சுக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை ஒப்பிடுங்கள். அப்புறம் டோபமைன் விட்டு, சிக்னல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டையும் பார்த்துத்தான் தடிமனை முடிவு செய்ய வேண்டும்.