மூன்று காசு பெரிதா, ஐந்து ரூபாய் பெரிதா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. நூறு வரை கடகடவென்று சொல்கிறாள். ஆனால் ஒரு பக்கம் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றும், இன்னொரு பக்கம் ஒரு ரூபாய்க் காசு மூன்றும் வைத்து எது அதிகம் என்று கேட்டால் மூன்றைத்தான் காட்டுகிறாள். வீட்டில் எல்லாச் செலவும் ஃபோனிலேயே முடிந்துவிடுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கவலைப்படாதீர்கள், அவள் சரியாகத்தான் எண்ணுகிறாள். கண்ணுக்கு மூன்று தெரிகிறது, மூன்று என்கிறாள். ஒற்றைக் காசுக்குள் ஐந்து இருக்கிறது என்பது பார்த்தால் தெரிகிற விஷயமா என்ன? போதாததற்கு 2007-இல் வந்த கட்டைவிரல் படம் போட்ட ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், ஐந்து ரூபாயோ 23 மி.மீ.தான். பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று குழந்தை நினைத்தால் அதில் தப்பே இல்லை.

எல்லாக் காசையும் ஒரே நாளில் கொட்டிக் காட்டாதீர்கள். முதல் வாரம் ஒரு ரூபாய் மட்டும், ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி எண்ணட்டும். அப்புறம் மாற்று விளையாட்டு. அவள் ஐந்து ஒரு ரூபாயை வரிசையாக வைக்க வேண்டும், நீங்கள் அதை எடுத்துக்கொண்டு ஒரு ஐந்து ரூபாயைக் கொடுக்க வேண்டும். என் பேத்திக்கு முதல் நாள் முகமே வாடிவிட்டது, ஐந்து போய் ஒன்றுதானே வந்தது! அந்த ஒன்றைக் கடையில் நீட்டி, ஒரு ரூபாய்க் கடலை மிட்டாய் ஐந்து வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் புரிந்தது.

கலந்து எண்ணும்போது பெரிய மதிப்பில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்: பத்து, பதினைந்து, பதினாறு, பதினேழு. ஐந்திலிருந்து ஒன்றுக்கு மாறுகிற இடத்தில்தான் பிள்ளைகள் "இருபது" என்று தாவிவிடுவார்கள், அங்கே அவசரப்படுத்தாமல் நில்லுங்கள். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம், பைக்குள் கைவிட்டுத் தடவியே கண்டுபிடிக்கச் சொன்னால் குழந்தைக்குக் கொண்டாட்டம்தான்.

நோட்டு சுலபம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பவைக்காதீர்கள், பழைய நூறும் புதிய ஊதா நூறும் வேறு வேறு நிறம். எண்ணைப் படிக்கப் பழக்குங்கள். பின்பக்கம் 15 மொழிகள் இருக்கிற சின்னக் கட்டத்தில் கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளை "நூறு ரூபாய்" என்று தானே படிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கேள்வி: பிளாஸ்டிக் விளையாட்டுக் காசு போதாதா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிஜக் காசுதான் நல்லது, அதன் கனமும் ஓசையும் பிளாஸ்டிக்கில் வராது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வையுங்கள், வாயில் போட்டுவிடும். முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத் தெருக்கடைக்கு அழைத்துப் போய், பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.