நாயை நீந்தவிட ஆறு, ஏரி பாதுகாப்பானதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் கரையைப் பாருங்கள். நாய் நடந்தே இறங்கி, நடந்தே ஏறும்படி சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தான கரையென்றால் ஏற முடியாமல் களைத்து மூழ்கிவிடும். ஆற்றில் ஒரு குச்சியை எறியுங்கள். நீங்கள் நடப்பதைவிட வேகமாகப் போனால் அந்த இடம் வேண்டாம்.

பெரிய ஆபத்து நீலப்பச்சைப் பாசி. பச்சை பெயிண்டைக் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தால் கிட்டவே விடாதீர்கள். அதன் நச்சு சில மணி நேரத்திலேயே கல்லீரலையோ நரம்பையோ தாக்கிக் கொல்லலாம். குச்சியால் கிளறும்போது நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசிதான். இருந்தாலும் சந்தேகம் என்றால் திரும்பிவிடுங்கள்.

கனமழைக்குப் பின் 2, 3 நாள் பொறுங்கள். சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும்.

பந்தைக் கவ்வியபடி நீந்தும் நாய் நிறையத் தண்ணீர் விழுங்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றுங்கள். வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.