ஆர்கேட் கேபினெட்டுக்கு பெயிண்ட்: காஞ்சா போதாது, இறுகணும்

கேள்வி: அண்ணா, 80-கள்ல வந்த ஒரு பழைய ஆர்கேட் கேபினெட்ட (காசு போட்டு விளையாடற வீடியோ கேம் பெட்டிய) முழுசா கழட்டி வேலை பாத்துட்டு இருக்கேன். பார்ட்டிகிள் போர்டு தான். கீழ ரெண்டு மூலையும் தண்ணி பட்டு ஊதிப் போயிருந்துச்சு, மேலயே பட்டி போட்டு தேய்ச்சேன். அப்புறம் ஸ்ப்ரே கேன்ல கறுப்பு எனாமல் அடிச்சேன், ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா வந்துருச்சு, 4 நாள் ஆகியும் உள்ளங்கைய வெச்சா லேசா ஒட்டுது. பக்கத்துல ஒட்டற பட ஸ்டிக்கர், அதான் சைடு ஆர்ட் வினைல், வந்து ரெடியா இருக்கு. இதுக்கு மேல ஒட்டிடலாமா, இல்ல ரோலர் வெச்சு இன்னொரு கோட் அடிக்கணுமா?

பதில்: தம்பி, வினைல இப்ப ஒட்டவே ஒட்டாதீங்க, இன்னொரு கோட்டும் அடிக்காதீங்க. முதல்ல அந்த ரெண்டயும் நிறுத்துங்க, மீதிய பொறுமையா பாப்போம்.

பெயிண்ட் காயுறதும் இறுகுறதும் ரெண்டும் வேற வேற. எனாமல் அடிச்சதும் அதுல இருக்கற தின்னர் ஆவியா போகுது, தொட்டா கையில ஒட்டாது, அத தான் நாம காஞ்சிருச்சுன்னு சொல்றோம். ஆனா எண்ணெய் சேர்ந்த எனாமல்ல அதுக்கப்புறம் தான் நிஜ வேலையே ஆரம்பிக்குது, காத்துல இருக்கற ஆக்ஸிஜன இழுத்து உள்ள இருக்கற ரெசின் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெட்டியாகணும், அதுவும் மேல இருந்து கீழ தான் நடக்கும். நீங்க ஒரே நாள்ல தடிமனா 3, 4 கோட் ஏத்தியிருந்தா மேல ஏடு கட்டிக்கும், அடியில இருக்கறதுக்கு காத்து போகாது, அதான் 4 நாள் கழிச்சும் ஒட்டுது. மெல்லிசா அடிச்ச எனாமலே முழுசா இறுக 2 வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும் எடுத்துக்கும், குளிரும் ஈரமும் இருந்தா இன்னும் கூட.

வீட்டு செவுத்துக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, யாரும் செவுத்துல சாஞ்சுக்கிட்டு பட்டன தட்ட மாட்டாங்க. கேபினெட் அப்படி இல்ல. மணிக்கட்ட ஊனுவாங்க, தொடைய முட்டுக் கொடுத்து நிப்பாங்க, ஓரத்துல டி-மோல்டிங்ங்கற பிளாஸ்டிக் பட்டை இறுக்கி பிடிக்கும், மானிட்டருக்கு முன்னாடி வர்ற பெசல் கண்ணாடி பெயிண்ட் மேல உக்காரும், பக்கத்துல முழு உயரத்துக்கு வினைல் ஒட்டப் போறோம். இறுகாத பெயிண்ட் மேல இதுல எது பட்டாலும் தடம் விழும், கண்ணாடிய அடுத்த தடவ கழட்டும்போது பெயிண்டும் சேந்து உரிஞ்சு வரும். அதனால தான் செவுத்துக்கு அடிக்கற சாதா எமல்ஷன கேபினெட்டுக்கு அடிக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், அது பல மாசம் ஆனாலும் ரெண்டு பரப்பு அழுத்தமா ஒட்டி இருந்தா ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும்.

ஒரு தடவ அவசரப்பட்டு 5-வது நாளே சைடு ஆர்ட் ஒட்டினேன். சாயங்காலம் பாத்தப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அடுத்த நாள் மத்தியானம் பாத்தா வினைல் முழுக்க குட்டி குட்டி கொப்புளம், ஊசியால குத்தி அமுக்குனா ஒரு மணி நேரத்துல பக்கத்துலயே இன்னொண்ணு எழும்புது. அடியில இருந்து வர்ற தின்னர் ஆவிக்கு வெளிய போக வழியில்ல, அவ்வளவு தான் காரணம். கடைசில உரிச்சேன், உரிச்சப்ப பிரைமர் வரைக்கும் பட்டையா வந்துருச்சு. அந்த ஆர்ட் மறுபடி கிடைக்கவே இல்ல.

அதுல இருந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், நீங்களும் செய்ங்க. கேபினெட்டுக்கு அடிக்கற அன்னைக்கே ஒரு துண்டு பலகைக்கும் அதே பிரைமர், அதே பெயிண்ட், அதே எண்ணிக்கை கோட் அடிச்சு கேபினெட் பக்கத்துலயே சாத்தி வெச்சிடணும். சந்தேகம் எல்லாத்தையும் அந்த பலகைல தான் தீத்துக்கணும். கட்டைவிரல் நகத்த அழுத்தி எடுங்க, பிறை மாதிரி பள்ளம் நின்னுச்சுன்னா இறுகல. மூக்க கிட்ட கொண்டு போங்க, தின்னர் வாசனை துளி இருந்தாலும் வினைலுக்கு நேரம் வரல. மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி ஒரு நாள் விட்டு உரிச்சு பாருங்க, டேப்போட தடமோ பெயிண்டோ வரக்கூடாது. இந்த மூணும் தாண்டினா தான் கேபினெட்ல கைய வைக்கணும். உங்ககிட்ட இப்ப அந்த பலகை இல்ல, அதனால காயின் டோர் (காசு போடற கதவு) ஃப்ரேம் மறைக்கற இடத்துல நகத்த வெச்சு பாத்துக்கோங்க.

இப்ப உங்க கேபினெட்ட என்ன பண்றது. தூசி இல்லாத, ஈரம் இல்லாத, காத்து ஓடற ரூம்ல 2 வாரம் அப்படியே விடுங்க. அப்புறம் மறைவான ஒரு இடத்துல 320 நம்பர் எமரி பேப்பர லேசா தேய்ச்சு பாருங்க. மாவு மாதிரி தூள் கொட்டினா பிழைச்சீங்க, அந்த ஆரஞ்சுத் தோல மட்டம் பண்ணி மேல மெல்லிசா 2 கோட் அடிச்சா போதும். தூளுக்கு பதிலா பேப்பர்ல உருண்டை உருண்டையா அப்பிக்கிட்டு வந்தா அந்த பெயிண்ட காப்பாத்த முடியாது, சுரண்டி எடுத்துட்டு பிரைமர்ல இருந்து வர்றது தான் வழி. கஷ்டமா தான் இருக்கும், ஆனா இளகின அடித்தளத்து மேல எத்தனை கோட் ஏத்தினாலும் அது இளகியே தான் இருக்கும். ஒரு விஷயம், கார் வேலை பாக்கறவங்க மாதிரி தண்ணி ஊத்தி வாட்டர் பேப்பர் போட்டு தேய்க்காதீங்க. டி-மோல்டிங் போற பள்ளத்துலயும் ஸ்க்ரூ ஓட்டையிலயும் போர்டு பச்சையா திறந்து இருக்கு, அங்க தண்ணி இறங்கினா ஓரம் பூரா உப்பிக்கும். உலர்வா தேய்ங்க, கட்டைல பேப்பர சுத்தி தேய்ங்க, வெறும் விரலால தேய்ச்சா விரல் அழுத்தற இடமெல்லாம் குழி விழும்.

ஆரஞ்சுத் தோல் வர்றதுக்கு ஸ்ப்ரே கேன்ல பெரும்பாலும் காரணம் தூரம். ரொம்ப தள்ளி பிடிச்சா துளி காத்துலயே பாதி காஞ்சு வந்து உக்காருது, பரவ முடியாம புள்ளியா நின்னுடுது. ரொம்ப கிட்ட போனா வழிஞ்சு கோடு இறங்கும். 20-ல இருந்து 30 சென்டிமீட்டர், கை ஒரே வேகத்துல பலகைக்கு நேரா போகணும், பலகை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பட்டன அமுக்கி தாண்டின அப்புறம் தான் விடணும், ஒவ்வொரு வரியும் முந்தின வரிய பாதி மூடணும். கேன் குளிர்ந்து போயிருந்தாலும் இதே கதி தான், வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் நிக்க வெச்சுக்கலாம், நெருப்பு கிட்ட மட்டும் கொண்டு போகாதீங்க. அடுத்த கோட் எப்பன்னு கேன்லயே போட்டிருப்பான், ஒரு மணி நேரத்துக்குள்ள இல்லன்னா 24 இல்ல 48 மணி நேரம் கழிச்சுன்னு. நடுவுல அடிச்சா சுருங்கிடும், அத மீறாதீங்க.

ஆனா என் அபிப்பிராயத்த கேட்டா, இவ்வளவு பெரிய பலகைக்கு ஸ்ப்ரே கேன் சரிப்படாது. 4 இன்ச் ஃபோம் ரோலர், இல்லன்னா மயிர் ரொம்ப குட்டையா இருக்கற ரோலர் எடுங்க, எனாமல டப்பால சொன்ன அளவுக்கு இளக்கிக்கோங்க, பலகைய படுக்க வெச்சு அடிங்க. படுத்த பலகைல பெயிண்ட் தானா மட்டமாகும், வழியாது. கடைசி தடவ ரோலர அழுத்தாம அதோட எடையிலயே மேல இருந்து கீழ ஒரே திசைல ஓட்டிட்டு அப்புறம் தொடாதீங்க, காய ஆரம்பிச்ச இடத்த திருத்தப் போனா தான் கெடும். ரோலர்ல லேசா ஒரு மணல் தோற்றம் வரும், அத பாத்து பயப்பட வேணாம், பழைய கறுப்பு கேபினெட்டுங்க பலதுல அப்படி ஒரு மெல்லிய தோற்றம் இருக்கும், கண்ணுக்கு இயல்பா தான் தெரியும். பளபளன்னு க்ளாஸ் வேணாம், அரைப் பளபளப்பு இருக்கற சாட்டின் எடுங்க. க்ளாஸ் ஒவ்வொரு பட்டி மேட்டையும் காட்டிக் கொடுக்கும், முழு மேட் போட்டா கைரேகை போகாது, வினைல் பசையும் சரியா பிடிக்காது. மானிட்டர சுத்தி உள்பக்கம் மட்டும் முழு மேட் கறுப்பு, அங்க பளபளப்பு இருந்தா விளையாடறவர் முகம் தான் திரும்பி தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கார் பெயிண்ட் மாதிரி கல்லா நிக்கணும்னு ரெண்டு டப்பா கலந்து அடிக்கற 2கே யூரிதேன வீட்டுல அடிக்க ஆசைப்படாதீங்க. அதுல இருக்கற ஐசோசயனேட்ங்கற ரசாயனம் நுரையீரல நிரந்தரமா கெடுக்கும், சாதாரண மாஸ்க்க நம்பி அடிக்கக் கூடாது, வெளியில இருந்து சுத்தமான காத்து குழாய் வழியா வர்ற முகமூடி வேணும். வேணும்னா பெயிண்ட் அடிக்கற பூத் வெச்சிருக்கறவங்ககிட்ட கொடுத்து அடிச்சு வாங்கிக்கோங்க.

இப்ப அந்த ஊதின மூலை. நீங்க மேலயே பட்டி போட்டது தான் எனக்கு கவலையா இருக்கு. பார்ட்டிகிள் போர்டு தண்ணி குடிச்சா உள்ள மரத்தூள் ஒண்ண விட்டு ஒண்ணு பிரிஞ்சுடும், திரும்ப காஞ்சாலும் பழைய அளவுக்கு சுருங்காது. பிரிஞ்ச தூள் மேல பட்டி எவ்வளவு கெட்டியா உக்காந்தாலும் அடியில பிடிப்பு இல்ல, கேபினெட்ட ஒரு தடவ சாய்ச்சு நகத்தினா மூலையோட பேந்து வரும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டி பாருங்க, பொத்துன்னு சத்தம் வந்தா பட்டிய உடைச்சு எடுத்துடுங்க. விரலால நோண்டினா உதிருதுன்னா அந்த பகுதிய நேரா அறுத்து எடுத்துட்டு அதே தடிமன் பிளைவுட் துண்டு வெச்சு பசையும் பின்னாடி ஒரு முட்டுக் கட்டையும் கொடுத்து சேக்கறது தான் நிலைக்கும். உதிரல, வெறுமன உப்பி இருக்குன்னா மெல்லிசான எபாக்ஸிய, இல்ல கொஞ்சமா தண்ணி கலந்த மரப்பசைய உள்ள இறங்க விட்டு, ரெண்டு பக்கமும் பாலித்தீன் பேப்பர் வெச்சு ரெண்டு நேரான கட்டைக்கு நடுவுல க்ளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க இறுக்கி வைங்க. அப்புறம் மேடா இருக்கறத தேய்ச்சுட்டு, காருக்கு போடற ரெண்டு கலவை பட்டி போடுங்க. ஹார்டனர் கலந்தா 5 நிமிஷத்துல கட்ட ஆரம்பிச்சுடும், கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கோங்க. ஒரே டப்பால வர்ற சாதா பட்டிய ஆழமான குழிக்கு போட்டா காய காய உள்வாங்கும்.

தேய்க்கறது 80, 120, 180, 220-ன்னு போங்க. பட்டி முடிஞ்சு பிரைமர் அடிச்சதும் மேல கறுப்பு ஸ்ப்ரேவ தூரத்துல இருந்து தூவின மாதிரி விட்டுட்டு கட்டையால தேய்ச்சு பாருங்க, மேடெல்லாம் வெளுக்கும், குழியில கறுப்பு அப்படியே நிக்கும். ராத்திரி ரூம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச பலகையோட ஒட்டி படுக்க வெச்சு அடிச்சாலும் குழி எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும். இத கறுப்பு ஃபினிஷ் அடிக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டா ஒரு வாரம் மிச்சம். போர்டு ஓரத்துக்கு ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் 2 கோட், நடுவுல ஒரு தேய்ப்பு, இல்லன்னா ஓரம் மட்டும் பெயிண்ட குடிச்சுட்டே இருக்கும்.

டி-மோல்டிங் பள்ளத்த மாஸ்கிங் டேப்ப மடிச்சு சொருகி அடைச்சுட்டு அடிங்க. பெயிண்ட் உள்ள இறங்கி கட்டினா மோல்டிங்கோட பல்லு முழுசா போகாது, சுத்தியால அடிச்சு ஏத்தப் போய் ஓரத்து பெயிண்ட் செதில் செதிலா போகும். டேப்ப கடைசி கோட் ஈரமா இருக்கும்போதே தன் மேலயே மடக்கின மாதிரி உரிச்சுடுங்க.

காயின் டோரும் மெட்டல் கண்ட்ரோல் பேனலும் அடிக்கும்போது எர்த் வயர் மாட்டற போல்ட் இடத்த மட்டும் டேப் போட்டு மறைச்சு வெறும் இரும்பா விடுங்க, பெயிண்ட் மேல எர்த் மாட்டினா எர்த்தே இல்லாத மாதிரி தான். மானிட்டர் இன்னும் உள்ளயே இருக்குன்னா தேய்க்கறதுக்கு முன்னாடி வெளிய எடுக்கணும், பிளக்க பிடுங்கி எத்தனை நாள் ஆனாலும் பழைய பிக்சர் டியூப்ல உயிர எடுக்கற வோல்டேஜ் தங்கி இருக்கலாம், டிஸ்சார்ஜ் பண்ண தெரிஞ்சவர் கையால தான் எடுக்கணும். தேய்க்கும்போது தூசி மாஸ்க் கட்டாயம். 70-கள் கேபினெட்டா இருந்தா பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக்கோங்க, அமெரிக்காவுல வீட்டு பெயிண்ட்ல ஈயத்துக்கு தடை வந்ததே 1978-ல தான்.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லணும்னு தோணுது. இன்னொரு பக்கத்துல இன்னும் பழைய பெயிண்ட் இருந்தா தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து நல்லா பாருங்க. 1980 பாக்-மேன் கேபினெட்டுக்கு பக்கத்து படம் ஸ்டிக்கர் இல்ல, மஞ்சள் மேல ஸ்டென்சில் வெச்சு பெயிண்டாவே அடிச்சது, தேய்ச்சா போச்சு, அதே விளிம்பு திரும்ப வராது. 1981 டாங்கி காங் பெரும்பாலும் வெளிர் நீலம், ஆனா ஆரம்பத்துல வந்த சிலது சிவப்பு, விக்காம நின்ன ரேடார் ஸ்கோப்ங்கற வேற கேமோட கேபினெட்ட மாத்தி அனுப்பினது. சிவப்ப பாத்து யாரோ பின்னாடி அடிச்சதுன்னு நினைச்சு நீலம் அடிச்சா ஒரு சரித்திரத்தயே மூடிட்டோம்னு அர்த்தம். படம் ஓரளவு இருந்தா சுத்தம் பண்ணி, போன இடத்துக்கு மட்டும் கலர் கலந்து டச்சப் பண்ணுங்க. முடியவே முடியாதுன்னா ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுத்து, ட்ரேசிங் ஷீட்ல கோடு இழுத்து வெச்சுட்டு தேய்ங்க. சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மேல பெயிண்ட் படவே கூடாது.

கடைசியா வினைல் ஒட்டற நாள் வந்தா, பலகைய தூசி இல்லாம துடைச்சு, தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் கலந்து ஓரத்து பள்ளத்துல இறங்காம லேசா ஸ்ப்ரே பண்ணிட்டு ஒட்டுங்க, அப்ப தான் நகத்தி சரி பண்ண முடியும். முன்னாடி மேல் ஓரத்த நேர் பிடிச்சுட்டு நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஸ்க்வீஜியால (தண்ணி வழிக்கற பட்டையால) தண்ணிய தள்ளுங்க, மிச்ச ஓரத்த ஒரு நாள் கழிச்சு புது பிளேடால வெட்டி, அதுக்கப்புறம் டி-மோல்டிங். அடியில 4 லெக் லெவலர் (உயரம் மாத்தற திருகு கால்) போட்டு தரையில இருந்து தூக்கி வைங்க, அந்த மூலை ஊதினதே தரைத் தண்ணியால தான் இருக்கும். இப்போதைக்கு வினைல சுருட்டின மாதிரியே வெயில் படாத இடத்துல வெச்சுட்டு, 2 வாரம் கழிச்சு 320-ல தேய்ச்சப்ப தூள் வந்துச்சா, உருண்டை வந்துச்சான்னு மட்டும் எழுதுங்க, அதுக்கேத்த மாதிரி மேல சொல்றேன்.