திண்ணையில் ஒரு வக்கீல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஏழு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்தவருக்குக் கையில் அடிபட்டபோது, இழப்பீட்டு விசாரணைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நான்தான் போனேன். அன்றிலிருந்து சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. வயது 32. ‘சம்பாதித்த மனுஷன் மறுபடி காலேஜுக்கா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். காலம் கடந்துவிட்டதா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: தம்பி, நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு 34. என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் சிங்கப்பூர்தான்.

2014-லிருந்து 2019 வரை அங்கே ஒரு கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் அடிப்பது என் வேலை. காளையார்கோவில் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு ஐபிஏ கடிதத்தில், அதாவது கிளம்புவதற்கு முன் சிங்கப்பூர் அரசு தரும் வேலை அனுமதிக்கான ஒப்புதல் கடிதத்தில், அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி. நான் அடித்த பட்டியலில் 560. ‘மேலே சொல்லிவிட்டார்கள்’ என்று நானும் அடித்தேன். பிடித்தம் என்ற கட்டத்தில் எண்ணைப் போட்டது என் விரல்தான். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

2018-இல் வேலை முடிந்து அவன் ஊருக்கு வந்துவிட்டான். எட்டு மாதம் கழித்து எனக்குப் போன் போட்டான். ‘அக்கா, அந்தப் பாக்கியை இப்பக் கேக்கலாமா?’ சம்பளச் சீட்டெல்லாம் பத்திரமாக வைத்திருந்தான். ஆனால் அங்கே வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால், 2017-இல் தொடங்கிய வேலை உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம். அவனுக்கு இரண்டுமே அடைபட்டுவிட்டது. கெடுவைப் பற்றி அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. பட்டியல் அடித்த நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் நின்று வாதாட முடியாது. தொழிலாளி தானே பேச வேண்டும். அப்படியென்றால் அவனுக்கு வக்கீல் தேவைப்பட்டது அங்கே இல்லை, இங்கே. விமானம் ஏறுவதற்கு முன்னால். எந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை நாளுக்குள் வாயைத் திறக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள். அந்த ஆளாக இருக்கலாம் என்றுதான் ஊர் திரும்பினேன்.

வந்த புதிதில், இரண்டாங்கட்டில் இருந்த பெட்டகத்தை ஒழிக்கும்போது, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன எங்கள் பாட்டையாவின் சம்பளச் சீட்டு கிடைத்தது. அந்தக் கால வேலை ஒப்பந்தம் அது. எந்த ஊர்க் கடை, மூன்று வருடக் கெடு, சம்பளம் எவ்வளவு, கிளம்பும்போது கையில் எவ்வளவு, எல்லாம் எழுதி இருந்தது. எழுதாமல் கப்பல் ஏறாத ஊர் இது. இன்றைக்கு இதே ஊர்ப் பிள்ளைகள் ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு நகல்கூட இல்லாமல் போகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இனி உங்கள் விஷயம். பட்டம் இருப்பதால் மூன்றாண்டு எல்எல்.பி. போதும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். நான் 2019-இல் சேர்ந்தபோது மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. உங்களுக்குக் காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, 2022-இல் வந்தது. வகுப்புக்கு நேரில் போக வேண்டும். தபாலில் படித்து வக்கீலாக முடியாது. முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு, பிறகு அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் சட்டப்படி 750 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125. அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் கோர்ட்டில் நிற்க முடியாது, அந்த ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வீட்டில் பணத்தைத்தான் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். ஜூனியருக்கு மாதம் குறைந்தது 15,000, சென்னை, மதுரை, கோவையில் 20,000 தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி வீட்டுச் செலவுக்குக் கணக்குப் போடாதீர்கள். படிப்பு மூன்று, ஜூனியராக மூன்று, ஆறு வருடத்துக்குச் சேமிப்பு தாங்குமா என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தாங்காது என்றால் இன்னும் ஒரு வருடம் சம்பாதித்துவிட்டு வாருங்கள், தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு முகப்பில் வெளிநாடு கிளம்புகிறவர்கள் வந்து உட்காருவார்கள். ஏஜெண்ட் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா, சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற வரம்புக்குள் இருக்கிறதா, மலேசியா போகிறவருக்கு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுமா என்றெல்லாம் பார்த்துச் சொல்வேன். கட்டணம் கிடையாது. விசாரணை அறைக்குள் மொழி சொல்லப் போய் உட்கார்ந்த ஆள் எங்கள் பக்கம் ஒருவர்கூட இல்லை. கல்லூரி திறக்கும்வரை ஞாயிறுகளில் நீங்கள் சும்மாதானே இருப்பீர்கள்? ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். உங்கள் பழைய ஐபிஏவையும் எடுத்து வாருங்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு விரித்துக் காட்ட என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மடிப்பில் கிழிந்துவிட்டது.