அழித்துவிட்டு மறுபடி எழுப்புங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீமில் புதிதாகச் சேருபவர்களுக்கு வி.எம். (மெய்நிகர் கணினி) தயார் செய்ய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். முதல் தடவை ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாம் தடவை ஓட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. சர்வர்களை அமைக்கும் கருவியான ஆன்சிபிளுக்கு மாறினால் தீருமா?

பதில்: பாதி தீரும். உங்கள் ஸ்கிரிப்ட் 'யூசரை உருவாக்கு' என்கிறது. யூசர் ஏற்கெனவே இருந்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆன்சிபிளில் 'இந்த யூசர் இருக்க வேண்டும்' என்று எழுதுகிறோம். இருந்தால் தொடாது, இல்லாவிட்டால் உருவாக்கும். இரண்டாம் முறை ஓட்டும்போது கடைசி வரியில் 'சேஞ்ச்டு' பூஜ்யம் என்று வருகிறதா பாருங்கள். வராவிட்டால் வேலை முடியவில்லை. மாறிய கையோடு எல்லாக் கட்டளைகளையும், ஷெல் கட்டளையை அப்படியே ஓட்டும் ஷெல் மாட்யூலுக்குள் திணிப்பவர்களும் உண்டு. அது பழைய ஸ்கிரிப்டேதான், ஆன்சிபிளின் யாமல் ஃபைல் வேஷத்தில்.

கேள்வி: டெவலப்பர்களின் லேப்டாப்பில் வி.எம். ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் அதை இயக்கும் வேக்ரன்ட்டும். கிளவுடில் ஒருவர் கையால் அமைத்து வைத்த இமேஜ் (வி.எம். எழுப்ப உதவும் டிஸ்க் நகல்). 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற சண்டை ஓயவே இல்லை. இரண்டையும் ஒரே வழிக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும், அந்தக் கை இமேஜைத் தூக்கிப் போட உங்களுக்கு மனசு வந்தால். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று அமைத்தவருக்கே இப்போது தெரியாது.

2010-ல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட வேக்ரன்ட், லேப்டாப் பக்கத்துப் பிரச்சினையைத் தீர்த்தது. உங்களுக்கு இப்போது தேவை 2013-ல் வந்த பேக்கர். ஒரே ப்ளேபுக்கை (ஆன்சிபிள் ஃபைல்) கொடுத்தால் விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஒரு பாக்ஸும் (வேக்ரன்ட்டுக்கான இமேஜ்) கிளவுடுக்கு ஒரு இமேஜும் கட்டித் தரும். மெதுவாக மாறுபவை, இறக்க நேரம் பிடிப்பவை எல்லாம் இமேஜுக்குள் போகட்டும்: ஓ.எஸ். அப்டேட், ரன்டைம், லைப்ரரிகள். மெஷினுக்கு மெஷின் வேறுபடுவதை மட்டும், வி.எம். முதல் தடவை எழும்போது அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட்டுக்கு விடுங்கள்: ஹோஸ்ட்நேம், தொலைவிலிருந்து உள்ளே நுழைய யாருடைய எஸ்.எஸ்.எச். சாவி, எந்தச் சூழல். அமேசான் ஈ.சி.2-வில் கிளவுட்-இனிட் படிக்கும் யூசர் டேட்டாவுக்கு 16 கே.பி.தான் இடம். அந்த வரம்பில் போய் முட்டினால், இமேஜில் வைக்க வேண்டியதை இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பாஸ்வேர்டை இரண்டிலும் வைக்காதீர்கள். மெஷினுக்குள் ஓடும் ப்ராசஸ்கள் 169.254.169.254 முகவரியில் யூசர் டேட்டாவைக் கேட்டு வாங்கிவிட முடியும்.

இமேஜ் கட்டுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே இமேஜிலிருந்து எழுப்பிய இரண்டு வி.எம்.கள் ஒரே ஐ.பி.யை வாங்கிக்கொண்டு மாறி மாறிக் காணாமல் போகும். மேக் முகவரிகளைப் (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) பார்த்தால் வெவ்வேறாகத்தான் இருக்கும், எல்லோரும் ஐ.பி. கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சர்வர் பாவம். உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கை அமைக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டு, வழக்கமாகத் தன்னை மேக் முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை; ஈடிசி ஃபோல்டரில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலிலிருந்து ஓர் அடையாளத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. அந்த ஃபைல் இமேஜிலேயே நிரம்பியிருந்தால் அதிலிருந்து பிறப்பவை எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம்தான்.

ஆகவே பேக்கரின் கடைசிப் படியில் அந்த ஃபைலைக் காலி செய்யுங்கள். ஃபைல் இருக்கட்டும், உள்ளே ஒன்றும் வேண்டாம். எஸ்.எஸ்.எச். ஹோஸ்ட் சாவிகளை அழியுங்கள், இல்லையென்றால் எல்லா சர்வருக்கும் ஒரே சாவி. கிளவுடில் அவற்றை மெஷின் முதல் தடவை எழும்போது கிளவுட்-இனிட் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். வேக்ரன்ட் பாக்ஸில் கிளவுட்-இனிட் இல்லாவிட்டால் அந்த வேலைக்குச் சின்ன சர்வீஸ் ஒன்றை நீங்களே வைக்க வேண்டும். மறந்தால் எஸ்.எஸ்.எச். எழும்பாது, வி.எம்.மை எழுப்பும் 'வேக்ரன்ட் அப்' கட்டளை காத்துக் காத்து டைம்-அவுட் ஆகும்.

இதெல்லாம் அமைந்த பிறகு, வாரம் ஒரு முறை டெவ் மெஷினை அழித்துவிட்டு மறுபடி எழுப்பச் சொல்லுங்கள். யார் தயங்குகிறார் என்று கவனியுங்கள். அவர் உள்ளே கையால் ஏதோ செய்து வைத்திருக்கிறார். அது ப்ளேபுக்கில் இல்லை.

கேள்வி: கிளவுட் வளங்களை உருவாக்கும் டெராஃபார்மின் ஸ்டேட் ஃபைலை (எதெல்லாம் உருவாக்கியது என்ற பதிவு) கோட் சேமிக்கும் கிட்டில் போடலாமா?

பதில்: கூடாது. நீங்கள் உருவாக்கிய டேட்டாபேஸின் பாஸ்வேர்டு அதில் அப்படியே படிக்கும்படி கிடக்கலாம். தவிர, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றங்களைச் செய்யும் 'அப்ளை' கொடுத்தால் கிட் தடுக்காது. பூட்டு வசதியுள்ள ரிமோட் பேக்எண்டில் (ஸ்டேட்டைப் பொதுவாக வைக்கும் வெளி இடம்) வையுங்கள். 2023-ல் டெராஃபார்மின் உரிமம் மாறியபோது பிரிந்து வந்த ஓப்பன்டோஃபுவில் ஸ்டேட்டையே என்க்ரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது. எனக்கு அதற்காகவே அதைப் பிடிக்கும்.

கேள்வி: கிளவுட்-இனிட் ஃபைலைத் திருத்தி ரீபூட் செய்தேன். ஒன்றுமே மாறவில்லை. ஏன்?

பதில்: அதில் பெரும்பாலான வேலைகள் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு ஒரு தடவைதான் நடக்கும். ரீபூட்டைப் புதுப் பிறப்பாக அது கணக்கில் எடுப்பதில்லை. புது வி.எம். எழுப்பிப் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் ஃபைலின் முதல் வரி ஹேஷ் குறியோடு, இடைவெளி விடாமல் 'கிளவுட்-கான்ஃபிக்' என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள். அதுவும் சரியென்றால் கிளவுட்-இனிட்-அவுட்புட் என்ற லாக் ஃபைலை எனக்கு அனுப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.